கிளாடிஸ் கோடு

நகப்பூச்சுப் புட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குகிறார் கிளாடிஸ். உள்ளே கிடக்கும் சின்னக் குண்டு ஓடுகிற சத்தம் கேட்டால்தான் மூடியைத் திறப்பார். விமானத்தின் வயிற்றுக்கு அடியில் சாக்கை விரித்து மண்டியிட்டு, பெட்ரோல் நனைத்த துணியால் ஒரு நட்டைத் துடைக்கிறார். பிறகு நட்டில் தொடங்கி அதன் அடித்தகடு வரைக்கும் சிவப்பாய் ஒரு கோடு, தலைமுடி கனத்துக்கு. நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். சக்கரம் மாட்டிய காலுக்கு ஆறாக, விமானத்தின் இரண்டு கால்களுக்கும் பன்னிரண்டு கோடுகள். அவருடைய நகங்களில் மட்டும் கிரீஸைத் தவிர வேறு நிறமே கிடையாது. ஏனம்மா என்று கேட்டேன். “இதெல்லாம் கழண்டு உழுகாதுங்க” என்று விரல்களை விரித்துக் காட்டினார்.

வயது ஐம்பத்து மூன்று. சொந்த ஊர் கருமத்தம்பட்டி. ஃபிட்டர் படிப்பு முடித்து, பம்புசெட் கம்பெனி ஒன்றில் இருபது வருடம் தரம் பார்க்கும் வேலை. சரியில்லை என்று அவர் ஒதுக்கி வைத்த உருப்படிகளைப் பார்த்து அந்த முதலாளிக்கு வயிற்றெரிச்சல். ஒரு நாள் இவரையே ஒதுக்கிவிட்டார். அப்போதுதான் அரங்கசாமி கூப்பிட்டுக்கொண்டார்.

அரங்கசாமி நூல் மில் முதலாளி. பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களைத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்தே ஒன்றோடொன்று பூட்டி, இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைச் செய்துகொண்டவர். ஆனைமலைப் பக்கம், தென்னந்தோப்பை வெட்டித் தனக்கென்று ஓடுபாதையும் போட்டிருக்கிறார். என்னை அழைத்ததே தன்னைப் பற்றி எழுதத்தான். அரை மணி நேரம் கேட்டேன். மனிதர் தன் புகழைத் தானே இவ்வளவு நன்றாகப் பாடும்போது நடுவில் நான் எதற்கு? எழுந்து கொட்டகைக்கு வந்துவிட்டேன்.

விமானத்தின் சக்கரங்களும் கால்களும் கிளாடிஸ் பொறுப்பு. ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். பேரிங்கில் இருந்து வழித்த பழைய கிரீஸை இரண்டு விரலுக்கிடையே தேய்த்து, மணல் நெருடுகிறதா என்று பார்ப்பார். “எல்லாரும் றெக்கையத்தானுங்க பாக்கறாங்க. எறங்கறப்பதான காலு வேணும்” என்பார். சந்தேகம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. டவுன் பஸ் வந்து நின்றாலும் குனிந்து டயரைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். அப்படிப் பார்த்துப் பார்த்தே பல பஸ்களை விட்டிருக்கிறார்.

போன வருடம் அரங்கசாமி விமானத்தைத் தரையில் தொப்பென்று போட்டார். மறுநாள் வலது காலில் ஒரு கோடு முறிந்திருந்ததைக் கிளாடிஸ் பார்த்தார். உள்ளே போல்ட்டு வளைந்திருக்கும், மாற்றுப் போல்ட்டு வரும்வரை பறக்கக் கூடாது என்று சொன்னார். “சரிங்க அம்மணி, நீங்க சொன்னாச் சரிதானுங்க” என்றார் அரங்கசாமி. எங்கள் கொங்கு நாட்டில் கழுத்தை அறுப்பதானாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்போம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கிளாடிஸ் மாதா கோயில் பூசையில் இருந்தார். இங்கே அரங்கசாமியின் சிநேகிதர் டேவிட்சன் பறக்க வந்திருந்தார். டேவிட்சனுக்கு ஒரு பழக்கம்: குனிந்து பன்னிரண்டு கோடுகளையும் எண்ணாமல் ஏறமாட்டார். அன்றும் எண்ணினார். பன்னிரண்டும் முழுசாக இருந்தன. இறங்கும்போது விமானத்தின் வலது கால் மடிந்துபோயிற்று. டேவிட்சனுக்கு முதுகெலும்பு முறிந்தது. “கிளாடிஸ் கோடு இருந்துச்சேன்னுதான் ஏறுனேன்” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி எல்லோரிடமும் சொன்னார். இன்றுவரை அவரால் எழுந்து நடக்க முடியவில்லை.

இன்சூரன்ஸ்காரர் உடைந்த காலைக் காட்டி, இந்தக் கோடு உங்களுடையதா என்று கேட்டாராம். கிளாடிஸ் குனிந்து பார்த்தார். கோடு தடிமனாக இருந்தது. துடைக்காத அழுக்கின் மேலேயே இழுத்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் உரிந்து வந்தது. அந்த ஞாயிறன்று நகப்பூச்சுப் புட்டி இருந்தது வீட்டு அலமாரியில். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். “என்னோடதுதானுங்க” என்று சொல்லிவிட்டார்.

இதை எனக்குச் சொன்னது கிளாடிஸ் இல்லை, அவர் கணவர் ஜெரால்டு. அரங்கசாமியிடம் பத்தொன்பது வருடமாக டிரைவர். வெளியே குழாயடியில் முதலாளியின் காரைக் கழுவிக்கொண்டிருந்தவர், நான் கேட்காமலே சொன்னார். “நாந்தானுங்க வெச்சேன். நட்ட ஒரு முறுக்கு முறுக்கிக் கலரத் தடவி வெச்சுருன்னாரு மொதலாளி. பத்தொம்பது வருசம் தின்ன சோறுங்க, மாட்டேன்னு சொல்ல வாய் வர்ல.” இதை எழுதலாமா என்று கேட்டேன். கார்க் கதவை இரண்டு தரம் துடைத்தார். “எழுதிப்போடுங்க. அதப் படிச்சாச்சும் அவ என்னையத் திட்டட்டும். அன்னிக்கிருந்து ஒரு வார்த்த கேக்கலீங்க.”

அரங்கசாமி கிளாடிஸை வேலையை விட்டு நிறுத்தவில்லை. தப்பு யாருக்கும் வரும் அம்மணி, இனியும் நீங்களே பாருங்க என்று நாலு பேர் முன்னால் பெரிய மனசு பண்ணினார். செய்தது யார் என்று தெரிந்துகொண்டே பண்ணிய பெரிய மனசு. இந்த இடத்தில் இன்னும் ஏன் இருக்கிறீர்கள் என்று கிளாடிஸிடம் கேட்டேன். “ஏறி உக்கார்றவங்க இருக்காங்கல்லங்க” என்றார், சக்கரத்தைச் சுற்றிவிட்டபடியே.

ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. பன்னிரண்டு கோடுகளையும் டார்ச் அடித்து ஒரு தரம் பார்த்தார். ஜெரால்டு ஸ்கூட்டரைக் கொட்டகை வாசலுக்குக் கொண்டுவந்து, வழக்கம்போல் சாமான்களை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். கிளாடிஸ் ஸ்பானர் பையைக் கொடுத்தார். டார்ச்சைக் கொடுத்தார். மடித்த சாக்கைக் கொடுத்தார். கடைசியாகத் தன் கைப்பையைக் கொடுக்கப் போனவர் நின்றார். அதைத் திறந்து நகப்பூச்சுப் புட்டியை மட்டும் வெளியே எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு, பையைக் கொடுத்தார். ஜெரால்டு தலை நிமிராமல் வாங்கி முன்னால் மாட்டினார். கிளாடிஸ் பின்னால் ஏறி உட்கார்ந்து, மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் கணவரின் தோளைத் தொடாமல் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.