பீடிப் பழக்கம்: இல்லை

பத்து வருஷத்துக்கு முன்பு வேப்பந்தட்டைப் பக்கம் வீடு வீடாகப் போய் இதய நோய் ஆய்வுக்குப் படிவம் நிரப்பினேன். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, பீடிப் பழக்கம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினால், பத்து வருஷத்துக்குள் யாருக்கு மாரடைப்பு வரும் என்று அது கணித்துவிடுமாம். எங்கள் ஊர் நெஞ்சைப் பற்றி அதற்கு என்ன தெரியும் என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம்.

கணிப்பு பலித்ததா என்று பார்க்க, போன மாதம் அதே வீடுகளுக்கு என்னையே அனுப்பினார்கள். 'ஆபத்து குறைவு' என்று கணினி சொன்ன ஒருவரின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மாரடைப்புதான். நான் நினைத்தது சரி என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி.

அவர் மனைவியிடம் பழைய படிவத்தை வாசித்துக் காட்டினேன். பீடி இல்லை என்றதும் நிமிர்ந்தார்.

"தினம் ரெண்டு கட்டு குடிப்பாருங்க."

"அன்னைக்கு இல்லைன்னாரே?"

"எங்க மாமனார் பக்கத்துல உக்காந்திருந்தாருங்க. பெத்த அப்பன் முன்னாடி எப்படிச் சொல்லுவாரு?"

அன்று அவருடைய கறுத்த உதட்டை நான் பார்த்தேன். சட்டையில் அடித்த பீடி வாசனையும் தெரிந்தது. பெரியவர் முன்னால் எதற்குத் துருவிக் கேட்பது என்று, தெரிந்தேதான் 'இல்லை' என்று எழுதினேன்.

நான் நம்பாத அந்தக் கணினி என்னை நம்பியிருக்கிறது.