சினிமாவுக்குத் தைத்த கறுப்புக் கோட்டு

நீதிமன்றத்தில் நான் எழுந்து நிற்கும்போதெல்லாம் என் கோட்டின் இடது கீழ்விளிம்பில் ஏதோ ஒன்று தொடையில் வந்து இடிக்கும். அது ஒரு பழைய, கனத்த ஐந்து ரூபாய்க் காசு. பையிலிருந்த ஓட்டை வழியாக நழுவி, மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே விழுந்து அங்கேயே கிடக்கிறது. எடுப்பது பெரிய வேலை இல்லை. கத்தரிக்கோலால் இரண்டு தையலைப் பிரித்தால் போதும். நான் எடுக்கவில்லை. கோட்டும் என்னுடையதில்லை, காசும் என்னுடையதில்லை. இரண்டும் அக்காவுடையவை. அக்கா வக்கீல் இல்லை. எங்கள் வகுப்பில் வக்கீலாகத் தகுதியானவள் என்று ஒருத்தியைச் சொல்லச் சொன்னால் அவளைத்தான் சொல்வேன். அவளைத் தவிர மற்ற எல்லோரும் வக்கீலாகிவிட்டோம்.

அவள் என் உடன்பிறந்தவள் இல்லை. இருவரும் ஒரே வகுப்புதான், ஆனால் என்னைவிட மூத்தவள். வெளியூர் போய்ப் படிக்க அனுமதி கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்ததில் அவளுக்குச் சில வருடங்கள் போய்விட்டன. என் அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. அவர் மாற்றலாகி கொல்கத்தாவின் சால்ட் லேக் குடியிருப்புக்கு வந்தபோது நான் சின்னப் பெண். எனக்குத் தமிழைவிட வங்காளம் சரளமாக வரும். அக்கா ஜாதவ்பூரில் நான்கு பெண்களோடு ஒரு அறையில் தங்கியிருந்தாள். தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில் பிறந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். இவள் எந்தக் கடலையும் தாண்டியதில்லை. இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் இந்த நாட்டு கீதத்தைப் பாடி வளர்ந்தவள். ஆனாலும் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை. முகாம் பிள்ளைகளுக்கு உதவும் ஒரு கன்னியாஸ்திரி அலைந்து திரிந்து கொல்கத்தாவில் இவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். நடுநடுவே முகாமுக்குப் போய், ஆள் இருக்கிறேன் என்று தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்பி வருவாள். வந்த அன்றே வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

இந்த நாட்டில் சட்டம் படிப்பதற்குக் குடியுரிமை கேட்பதில்லை. வக்கீலாகப் பதிவு செய்யும்போது கேட்பார்கள். இது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். எனக்குத்தான் தெரியாது. தெரிந்ததும் நேராகவே கேட்டேன்.

"அப்புறம் எதுக்குக்கா இந்தப் படிப்பு? வேற ஏதாவது படிச்சிருக்கலாம்ல?"

"அஞ்சு வருஷம் இருக்குல்லடி. அதுக்குள்ள மாறாதா? யாராச்சும் ஒருத்தர் நல்லா வாதாடினா மாறும்" என்றாள்.

நல்லா வாதாடினா மாறும். இப்படி ஒரு தவறைச் சட்டம் படிக்கிறவர்கள்தான் செய்ய முடியும். மீன் விற்கிறவர் செய்யமாட்டார், ஆட்டோ ஓட்டுகிறவர் செய்யமாட்டார். அவர்களுக்கு உலகம் தெரியும்.

எங்கள் கல்லூரியில் ஒரு விவாத மன்றம் இருந்தது. அதன் தலைவர் எங்களுக்கு மூத்த மாணவர். எல்லோருக்கும் அவர் தாதா. வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன், வேறு எதுவும் இல்லை. மூன்று தலைமுறை வக்கீல் குடும்பம், அழகான குரல். மன்றத்துக்கு அவர் வைத்திருந்த விதிகள் மூன்று. பூவா தலையா போட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் பேச வேண்டும், மறுக்கக் கூடாது. சொந்தக் கதையை ஆதாரமாகச் சொல்லக் கூடாது, சொன்னால் மதிப்பெண் வெட்டப்படும். ஜெயித்த அணியின் முதல் பேச்சாளர் சுண்டிய காசை எடுத்துக்கொள்ளலாம். வக்கீல் என்பவன் யாருக்காகவும் பேசத் தெரிந்தவன், தன் வயிற்றெரிச்சலை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பார். கேட்க நன்றாக இருக்கும். வீட்டில் வைத்துவிட்டு வர அவருக்கு வீடு இருந்தது.

அக்காவும் நானும் ஒரு அணி. அவள் முதலில் பேசுவாள், நான் இரண்டாவது. பேசும்போது கறுப்புக் கோட்டு கட்டாயம். புதுக் கோட்டு வாங்க அவளிடம் வழியில்லை. டாலிகஞ்சில் சினிமா ஸ்டூடியோக்களுக்கு உடை தைக்கும் ஒரு தையல்காரரிடம் அவளைக் கூட்டிப்போனேன். கதாநாயகி வக்கீலாக வரும் ஒரு படத்துக்காகத் தைத்த கோட்டு, அந்தக் காட்சியையே வெட்டிவிட்டார்கள் என்று தொங்கிக்கொண்டிருந்தது. பாதி விலைக்குக் கொடுத்தார். அக்கா போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். "நடிக்கிறதுக்குன்னே தச்ச கோட்டுடி. எனக்குன்னு அளவெடுத்த மாதிரி இருக்கு பாரு" என்று சிரித்தாள். தையல்காரருக்குத் தமிழ் தெரியாது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

நான்காம் ஆண்டில் எங்கள் கல்லூரி ஆசிய நாடுகளின் சட்ட மாணவர்களை அழைத்து ஒரு விவாதப் போட்டி நடத்தியது. டாக்காவிலிருந்தும் காத்மாண்டுவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்திருந்தார்கள். மரண தண்டனை, வாடகைத் தாய், கருணைக் கொலை, கல்யாணம் செய்துகொண்டவன் மனைவியை வற்புறுத்தினால் அது குற்றமா என்று, பெரியவர்கள் வீட்டில் பேச்சை மாற்றும் விஷயங்கள் எல்லாவற்றையும் மேடையில் போட்டு அடித்தார்கள். உயிர் போகிற விஷயத்தைப் பேசிவிட்டு உடனே சமோசா சாப்பிட்டார்கள். நானும்தான் சாப்பிட்டேன். அக்காவும் நானும் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். எதிரே கொழும்பு அணி. தலைப்பை உறையிலிருந்து எடுத்து தாதா படித்தார். முகாம்களில் பிறந்த அகதிப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை வழங்க வேண்டும் என்று இந்த அவை கருதுகிறது. தலைப்பைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். அக்கா யார் என்பதும் அவருக்குத் தெரியும். காசைச் சுண்டினார். எங்களுக்கு எதிர்ப்பு விழுந்தது.

நான் மேடைக்குப் பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் தலைப்பை மாற்றுங்கள் என்று கத்தினேன். "சென்டிமென்ட் எனோ நா" என்றார், பொறுமையாக. சென்டிமென்டைக் கொண்டு வராதே. "தீதி பார்பே." அக்காவால் முடியும். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவளை மதிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் மறந்திருப்பேன்.

அக்கா எழுந்தாள். கையில் குறிப்பு எதுவும் இல்லை. ஒரு நாடு தன் வாசலை யாருக்குத் திறப்பது என்பது அந்த நாட்டின் உரிமை என்றாள். ஒரு முகாமுக்குக் கொடுத்தால் எல்லையில் இருக்கிற ஒவ்வொரு முகாமும் கேட்கும், எல்லோருக்குமாக எழுதிய சட்டத்தை ஒருவரின் கண்ணீருக்காக வளைக்க முடியாது என்றாள். கடைசியாக, குரலை உயர்த்தாமல் இதைச் சொன்னாள்: "அடைக்கலம் கொடுத்தது கருணை. இருக்க விட்டார்கள், படிக்க விட்டார்கள். கருணையாகக் கிடைத்ததற்கு மேல் கேட்டு வழக்குப் போட யாருக்கும் உரிமை இல்லை." அரங்கம் கைதட்டியது. என் முறை வந்தபோது ஏதோ உளறிவிட்டு உட்கார்ந்தேன். அதனால் ஒன்றும் கெடவில்லை. அவள் ஏற்கெனவே ஜெயித்திருந்தாள்.

தேநீர் இடைவேளையில் கொழும்பு அணியின் பையன் எங்களிடம் வந்தான். நாங்கள் இருவரும் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறான். தோற்ற கோபம் முகத்தில் இருந்தது.

"நல்லாத்தான் கதைச்சீங்கள் அக்கா. நீங்கள் ஒருநாளும் ஒரு முகாமுக்குள்ள கால் வச்சிருக்க மாட்டீங்கள். அதான் இப்பிடிக் கதைக்க ஏலுது."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். என்னிடம்கூட அதிகம் பேசாத தன் வீட்டுப் பேச்சில் அவனுக்குப் பதில் சொன்னாள்.

"ஓம் தம்பி. வெளியில இருந்து கால் வச்சதில்லை. உள்ளுக்கத்தான் பிறந்தனான்."

அவன் முகம் செத்துவிட்டது. "ஐயோ அக்கா, அதை ஏன் அங்க சொல்லேல்லை?"

"சொன்னா மார்க் வெட்டிப்போடுவாங்கள்" என்றாள், சிரித்துக்கொண்டே. அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த பிஸ்கட் தேநீரில் ஊறி உடைந்து விழுந்தது. அவன் அதைப் பார்க்கவும் இல்லை.

திரும்பும்போது ஆட்டோவில் அவளைத் திட்டினேன். வேண்டுமென்றே சொதப்பியிருக்கலாமே, தோற்றிருக்கலாமே என்றேன். அவள் அந்தக் காசைக் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். "எதிர்த்தரப்பு வக்கீல் என்னென்ன சொல்லுவான்னு எனக்குத் தெரிய வேணாமா? நாளைக்கு என் கேஸை நான்தானே பேசணும்" என்றாள். அப்போதும் நம்பிக்கொண்டிருந்தாள். தனக்கு எதிராகச் சொல்ல முடிந்ததையெல்லாம் தானே சொல்லிப் பார்த்துவிட்டால், பதிலையும் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினாள். காசைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

படிப்பு முடிந்து எல்லோரும் பார் கவுன்சிலில் வக்கீல் பதிவுக்கு விண்ணப்பித்தோம். அக்காவும் விண்ணப்பித்தாள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள். அலுவலகத்தில் இருந்தவர் கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "ஹோபே நா, தீதி" என்றார். ஆகாதம்மா. அக்கா காரணம் கேட்டாள். அவர் சொன்னார். நாட்டின் உரிமை என்றார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் வருவார்கள் என்றார். சட்டத்தை வளைக்க முடியாது என்றார். கடைசியில் அன்பாகவே கேட்டார்: "தாக்தே தியேச்சே, போட்தே தியேச்சே, ஆர் கீ சாய்?" இருக்க விட்டார்கள், படிக்க விட்டார்கள், இன்னும் என்ன வேண்டும்? நான் மேசையை அடித்துக் கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். படிக்கட்டில் நின்று, "என் பேச்சைத்தாண்டி எனக்கே திருப்பிச் சொல்றார். வரிசைகூட மாறல" என்றாள். அன்றுகூட அவள் அழவில்லை. வழக்குப் போட மனுவைத் தயார் செய்ய உட்கார்ந்தாள். ஜாதவ்பூர் அறையில் தரை முழுக்கச் சட்டப் புத்தகங்கள். அவர் சொன்ன அத்தனைக்கும் அவளிடம் பதில் இருந்தது. எதிர்த்தரப்பை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

அப்போதுதான் முகாமிலிருந்து அவள் அப்பா பேசினார். யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அரசாங்கத்தின் மேல் வழக்கு என்றதும் பயந்துவிட்டார். அகதிப் பதிவு அட்டையை வாங்கிக்கொள்வார்களோ, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ, அவள் தம்பியை விசாரணைக்குக் கூப்பிடுவார்களோ என்று என்னென்னவோ பயம். போனில் அவர் குரல் எனக்கே கேட்டது. "வழக்கெல்லாம் வேண்டாம் பிள்ளை. இருக்க விட்டிருக்கினம். அது காணும்." அதுவே போதுமாம். அலுவலகத்துக்காரர் சொன்னபோது தாங்கினாள். அப்பா சொன்னபோது தாங்கவில்லை. மேடையில் எல்லோருக்கும் முன்னால் அவள் சொன்ன அதே வார்த்தையை, அவளைப் பெற்றவர் கெஞ்சிக்கொண்டு சொன்னார். "சரியப்பா" என்றாள். போனை வைத்துவிட்டு ஒவ்வொரு புத்தகமாக மூடினாள். முகாமுக்குத் திரும்பிப் போகும்போது கோட்டை மடித்து என் கையில் கொடுத்தாள். "உனக்குப் பதிவு விழா இருக்குல்ல, போட்டுக்கோ. தோள் மட்டும் கொஞ்சம் பிடிக்கணும்" என்றாள்.

தாதா இப்போது பெரிய வக்கீல். அகதிகள் உரிமை பற்றி வெளிநாடுகளில் எல்லாம் பேசுகிறார். ஒரு கூட்டத்தில் நானும் இருந்தேன். தன் கல்லூரித் தோழி ஒருத்தி, முகாமில் பிறந்தவள், வக்கீலாக முடியாமல் போனவள் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். பலத்த கைதட்டல். அன்று அவள் தன் கதையைச் சொல்லியிருந்தால் மதிப்பெண்ணை வெட்டியிருப்பார். இன்று அதே கதையை அவர் சொல்லலாம், அவருக்கு யாரும் எதையும் வெட்டுவதில்லை. நான் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். வெளியே மழை. குடை உள்ளேயே இருந்தது. எடுக்கப் போகவில்லை.

ஒருமுறை அவளைப் பார்க்க முகாமுக்குப் போனேன். பக்கத்து ஊர்த் துணிக்கடையில் பில் போடுகிறாள். அன்று கடைக்கு வார விடுமுறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அவள் அம்மா கொடுத்த வெறும் தேநீரைக் குடித்தோம். கல்லூரியைப் பற்றி அவள் பேசவே இல்லை. புடவை ரகங்களைப் பற்றிச் சொன்னாள், முதலாளியைக் கேலி செய்தாள், என் தமிழைக் கேலி செய்தாள். அப்போது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்தாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியாம். எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினாள். அக்கா அவள் தலையைத் தடவி, "எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராதடி. டீச்சரிட்டக் கேள்" என்றாள். சும்மா சாக்குக்குச் சொல்லவில்லை. நிஜம்போலச் சொன்னாள். அந்தப் பெண்ணும் நம்பிக்கொண்டு போய்விட்டாள். நான் தேநீரைக் குடித்து முடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

கோட்டுக்குள் காசு கிடப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போன் செய்து சொன்னேன். "பிரிச்சு எடுத்து அனுப்பட்டாக்கா?" என்றேன். அந்தப் பக்கம் கடையின் இரைச்சல். யாரோ பில் கேட்டு அதட்டிக்கொண்டிருந்தார்கள். "வேணாம்டி. அதாச்சும் கோர்ட்டுக்குப் போயிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நேற்றும் போட்டுக்கொண்டு போனேன். ஒரு வாடகைத் தகராறு. என் கட்சிக்காரர் வரவில்லை, வாய்தா கேட்க வேண்டும். எழுந்தேன். காசு தொடையில் இடித்தது. வாய்தா கேட்டேன். கொடுத்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.