மூக்கில் கோத்த சரிகை

பத்தொன்பது வயதிலும் மூக்கு குத்தாமல் எங்கள் தெருவில் திரிந்த பெண் நான் ஒருத்திதான். கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை. மூன்று வயதில் காது குத்த உட்கார வைத்தபோது, நகை செய்யும் பத்தரின் கட்டை விரலைக் கடித்துவிட்டேனாம். ரத்தம் வரும்படியான கடி. அதற்குப் பிறகு மூக்கு என்ற பேச்சை எடுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம் என்னைப் பெண் கேட்டு வந்தபோதுதான் என் மூக்கு ஊர் விவகாரம் ஆயிற்று. அவர்கள் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்; கடை பெரிதான பிறகு தூரம் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. என் அப்பா அவர்களிடம்தான் பட்டும் சரிகையும் வாங்கி வந்து கூலிக்குச் சேலை நெய்துகொண்டிருந்தார். கூலி வீட்டில் அவர்கள் பெண் எடுக்க வந்ததற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல, செவ்வாய் தோஷம். அவர்களுடைய இரண்டாவது பிள்ளைக்கு அது இருந்தது, எனக்கும் இருந்தது. பையனை எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். அம்மா சர்க்கரை போட மறந்த சொஜ்ஜியை ஒரு வார்த்தை பேசாமல் முழுக்கச் சாப்பிட்டான். அந்த ஒரு குணம் போதும், இவனோடு காலம் தள்ளிவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அவனுடைய அம்மா என் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கடைக்கு வரும் சேலையில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வை.

"இன்னாமா இது, மூக்கு வெறுமனே இருக்குது? எங்க வீட்டு மருமக இப்படி வந்து நின்னா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? நிச்சயத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குது. குத்தி, நல்லா ஆறட்டும். அன்னிக்கு வைர மூக்குத்திய நானே போட்டு வுடுறேன்" என்றாள். மூக்கு ஆறினால் நிச்சயம் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

மற்ற வீடுகளில் குத்திய துளைக்கு மெல்லிய தங்கக் கம்பி போடுவார்கள், முடியாதவர்கள் வேப்பங்குச்சி செருகுவார்கள். அந்த அம்மாள் வீட்டில் மட்டும் வேறு வழக்கம். கடைச் சரிகையில் நாலு இழையைச் சேர்த்து முறுக்கி அதைக் கோத்துவிடுவார்கள். சரிகை என்றால் பட்டு நூலின்மேல் வெள்ளி சுற்றி, அதற்குமேல் தங்க முலாம் பூசியது. "எங்க கடைச் சரிகை சுத்த வெள்ளி. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. என் மூக்கு, என் பொண்ணு மூக்கு எல்லாம் இதுலதான் ஆறிச்சு" என்று இடுப்பிலிருந்து ஒரு சரிகை முறுக்கை எடுத்துக் கொடுத்தாள். அம்மா அதைப் பிரசாதம்போல வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா வாயே திறக்கவில்லை. சம்பந்தம் கிடைத்த மலைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அதே பத்தர்தான் வந்தார். உட்கார்ந்ததும் முதல் காரியமாகக் கட்டை விரலின் தழும்பைக் காட்டினார். "இந்தத் தபா வாயக் கட்டிடலாமாமா?" என்று கேட்டார். அம்மா என் தலையையும், அப்பாவின் தங்கையான அத்தை என் முகவாயையும் பிடித்துக்கொண்டார்கள். ஊசி போனது தெரியவில்லை, முறுக்கு போனது நன்றாகவே தெரிந்தது. கண்ணில் நீர் கொட்டியது. "சந்தோசத்துல அழுவுது பொண்ணு" என்றாள் அத்தை.

அன்றிலிருந்து என் மூக்கு என்னுடையதாக இல்லை. காலையில் உப்புப் போட்ட வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒற்ற வேண்டும். பிறகு தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, துளை தூர்ந்துபோகாமல் இருக்க முறுக்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். மாலையில் மறுபடியும் அதே பூஜை. கருவாடு கூடாது, கத்தரிக்காய் கூடாது, வலப்பக்கம் படுக்கக் கூடாது, தும்மல் வந்தால் அடக்க வேண்டும். இத்தனையும் செய்து ஐந்தாம் நாள் மூக்கு வீங்கியது. எட்டாம் நாள் சீழ் வைத்தது.

காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகிற பெண்கள் வழியில் என் மூக்கையும் பார்த்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் சும்மா போகவில்லை, ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி தாய்ப்பால் விடச் சொன்னாள். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்கா, "அய்யய்யோ, திருஷ்டி அம்மாயி!" என்று மிளகாய் சுற்றிப்போட்டாள். அந்த நெடியில் நான் ஏழு தும்மல் தும்மினேன். முறுக்கை எடுத்துவிட்டு வேப்பங்குச்சி செருகலாமே என்று கேட்டேன். "சம்பந்தியம்மா குடுத்தத எடுக்கறதா? வாயக் கழுவு" என்றாள் அம்மா. சீழில் பச்சையாக ஏதோ கலந்து வந்தது. மஞ்சளும் ரத்தமும் சேர்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று அத்தை விளக்கம் கொடுத்தாள்.

நிச்சயத்துக்கு நாலு நாள் இருந்தபோது பையனின் அம்மா வைர மூக்குத்தியோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனாள்.

"எங்க வீட்ல யாருக்கும் இப்படி ஆவல. சுத்த வெள்ளி போட்டும் ஆறலன்னா இது ரத்தக் கோளாறு. நாளைக்குப் பொறக்கற புள்ளைங்களுக்கும் வரும்."

அம்மா பதறிப்போய்ப் பத்தரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் வந்து முறுக்கை நறுக்கி எடுத்தார். துணியால் துடைத்தார், கல்லில் உரைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பொண்ணுமேல ஒரு கொறையும் இல்லமா. இது செம்பு. களிம்பு ஏறிக்கினு இருக்குது பாருங்க. வெள்ளின்னா இப்படிப் பச்சையா வராது" என்றார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஒரு மாதமாகச் சுத்தம் சுத்தம் என்று பீற்றிக்கொண்ட கடையின் லட்சணத்தை என் மூக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த அம்மாளின் முகம் செத்துவிட்டது. ஆனால் அவள் என்னையும் பார்க்கவில்லை, பத்தரையும் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா தறியிலிருந்து எழுந்து வந்தார். "பத்தரே, உனக்குக் கண்ணு மங்கிப் போச்சுபா. அது நல்ல வெள்ளி. வருசக்கணக்கா நெய்யறவன், எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி, "சின்ன வயசுலேர்ந்தே இதுக்கு ரத்தம் அப்படித்தாங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும், எங்க தப்புதான்" என்றார்.

சம்பந்தம் அதோடு முறிந்தது. பையன் இதையும் சொஜ்ஜிபோல ஒரு வார்த்தை பேசாமல் விழுங்கிவிட்டான். கெட்ட ரத்தக்காரி என்ற பட்டம் நான் கடைத்தெருவுக்குப் போவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. சின்ன வயதில் ஒரு காய்ச்சல்கூட ஒழுங்காக வராத எனக்கு அந்தப் பட்டம்.

அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ரெண்டு வருசமா அந்தச் செம்பத்தான் நெய்யறேன்" என்றார். "மூக்குல போடும்போது நாலு நாள்ல ஆறிடும்னு நெனச்சேன்மா. அந்தக் கடைய வுட்டா நெய்யறதுக்கு வேற யாரு பாவு நூலு குடுப்பாங்க?"

அவர்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. ஊசி ஏறும்போது பார்த்துக்கொண்டிருந்தார், சீழ் வடியும்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அந்தக் கடையிலிருந்து வழக்கம்போலப் பட்டும் சரிகையும் வந்தன. அப்பா தறியில் உட்கார்ந்தார். நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலான தாரில் சரிகையை ராட்டையால் சுற்றிக் கொடுப்பது எப்போதும் என் வேலை. "வாமா, தாரு சுத்து" என்று அப்பா கூப்பிட்டார்.

"வேணாம்பா" என்றேன். "கெட்ட ரத்தம். என் கை பட்டு, நல்ல வெள்ளி பச்சையாயிடப் போவுது."

தறி நின்றது. அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மா வந்து ராட்டையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னைச் சரிகை சுற்றக் கூப்பிடவில்லை.