டேப்பின் மறுமுனை

இது எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் வாருங்கள், அந்த வீட்டைக் காட்டுகிறேன். பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொல்பவர்கள் மட்டும் வராதீர்கள். அப்போது மதியம் ஒன்றேகால். வெயில் மண்டையைப் பிளந்தது.

என் பெயர் மதுமதி. வீடு கட்டக் கடன் கொடுக்கும் நகரத் திட்டம் ஒன்றில் இன்ஜினியர். கட்டிய வீட்டை நேரில் போய் அளந்து, சரி என்று நான் எழுதினால்தான் கடைசித் தவணை வரும். அன்று ஆட்டையாம்பட்டிப் பக்கம், தறி ஓட்டும் சாலம்மாளின் வீடு. இரண்டு பிள்ளைகளோடு தகரக் கொட்டகையில் கிடக்கிறவர். மாதக் கடைசிக்குள் நான் எழுதாவிட்டால் தவணை திரும்பிப் போய்விடும்.

"வெயில்ல வந்திருக்கீங்க அம்மணி. குடிக்கக் கலர் வாங்கியாரேன், இருங்க" என்று கடைக்குப் போனார்.

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கைப்பிடியால் சுற்றும் நூறடி டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தேன். ஹால் சரி. சமையலறை சரி. பின்னறைக்கு இன்னும் தரை போடவில்லை, வெறும் மண். வாசலை மறித்து, கூரை கான்கிரீட்டுக்கு அடித்த சென்ட்ரிங் பலகைகள். உள்ளே இருட்டு. யாரோ இருமினார்கள். கொத்தனார் தூங்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"அண்ணா, இதைக் கொஞ்சம் சுவத்தோட புடிங்க."

டேப்பின் நுனி வளையத்தைப் பலகைக்கு மேலாக உள்ளே வீசினேன். டேப் விறைத்தது.

"புடிச்சுட்டேனுங்க."

குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. காலி அறை, எதிரொலிக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் டேப் நேராகப் போகவில்லை. தரையைப் பார்த்துச் சரிந்திருந்தது.

"கொஞ்சம் மேல தூக்குங்கண்ணா."

தூக்கவில்லை.

அது பத்தடி அறை. பத்தடி வந்தது. நிற்கவில்லை. பதினைந்து... இருபது... டேப் பெட்டியின் கைப்பிடி கரகரவென்று தானாகச் சுழன்றது.

"போதுங்கண்ணா!"



முப்பது... கைப்பிடி என் விரலில் அடித்தது.

நாற்பத்திரண்டில் நின்றது.

பிறகு ஒரு இழுப்பு. லேசாக.

இன்னொன்று...

போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன்.

யாரும் இல்லை.

அறை நடுவில் டேப் மண்ணுக்குள் போயிருந்தது. குழி இல்லை. மண் கலையவும் இல்லை.

கத்தினேன்.

டேப் தளர்ந்தது. வேகமாகச் சுற்றினேன். முனை வெளியே வந்தபோது வளையம் முழுக்கச் சேறு. அந்தக் கோடையில், ஈரச் சேறு.

சாலம்மாள் கலர் பாட்டிலோடு வந்து நின்றார். "எழுதீட்டீங்களா அம்மணி?"

"உள்ள யாருங்க?"

"யாருமில்லீங்களே. கொத்தனாரு மூணு நாளா வரலீங்க."

நான் எழுதவில்லை. அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் கை வரவில்லை. காரணம் கேட்ட ஆபீசுக்கு 'பின்னறை மண் உறுதியில்லை' என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்வது? மாதம் முடிந்தது. தவணை போனது. சாலம்மாள் இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை.

மனசு கேட்காமல், அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். முன்பு கிணறு வெட்டப் போய்க்கொண்டிருந்த சின்னான் என்பவரைக் காட்டினார்கள்.

"அந்த எடத்துல கெணறு வெட்டுனோமுங்க. பாதியில கரை சரிஞ்சு மூடிருச்சு. எங் கூட்டாளி சடையன் உள்ளயே போயிட்டான். எடுக்க முடியலீங்க."

"அப்ப அவரு கீழ என்னங்க பண்ணிட்டிருந்தாரு?"

"கூலி அடிக்கணக்குங்க, ஆழம் அளக்கோணும்ல. அவன் அடியில டேப்பு புடிச்சான். நாந்தான் மேல நின்னேன்."

 நடந்ததைச் சொன்னேன்.

"எத்தன அடிங்க ஓடுச்சு?"

"நாப்பத்திரண்டுங்க."

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அதேதானுங்க. நாப்பத்திரண்டுன்னு படிச்சேன். டேப்ப உட்டுட்டு மேல வாடான்னு சொல்றதுக்குள்ள கரை வந்துருச்சு..."

 பிறகு என் பையில் இருந்த டேப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவன் இன்னம் உடாமயே புடிச்சுட்டிருக்கானுங்களா?"