மோட்டார் போடப் போறேனுங்க!

என் வீட்டுக்காரர் எண்பத்திரண்டு வயது வரை இருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் பேசாமல் இருந்தது மொத்தமே நாற்பத்தொரு நாள். அது என்னால் வந்த வினை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார். நாற்பத்தைந்து வயதில் அவரைப் பயிற்சிக்கு அனுப்பி, நாலு கம்ப்யூட்டரையும் கொடுத்து, இனிமேல் நீங்கள்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய ஸ்டோர் ரூமுக்கு அவரே வெள்ளையடித்தார். தலைமையாசிரியராக இருந்தாலும் செருப்பை வெளியே விட்டுத்தான் வரவேண்டும் என்றார். என் நல்ல புடவை மூன்றை வெட்டி, நாலு பெட்டிக்கும் உறை தைக்க வைத்தார்.

"தூசி பட்டா கெட்டுப்போயிடும்" என்றார்.

"நான் தூசியில நின்னா பரவால்லீங்களா?" என்று கேட்டேன். அவர் அடுத்த உறைக்கு அளவெடுக்கப் போய்விட்டார்.

கடைசியில் தூசியால் ஒன்றும் ஆகவில்லை. வம்பு வந்தது மோட்டாரால். பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயியின் மரவள்ளித் தோட்டம். அவர் கிணற்று மோட்டாரைப் போட்டால் எங்கள் பக்கம் வோல்டேஜ் பொத்தென்று விழும். நாலு கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். அதுவரை அடித்ததெல்லாம் போச்சு. ஒரு நாள் பிள்ளைகள் காலையிலிருந்து அடித்த புரோகிராம் மொத்தமும் போனது. இவருக்கு வந்ததே கோபம்! சுவர் ஏறிக் குதித்துச் சண்டைக்குப் போனார். போனவர் திரும்பும்போது இரண்டு கையிலும் தேங்காய், வாயெல்லாம் பல்.

அன்றைக்கு இரண்டு பேரும் பேசி முடித்த ஏற்பாடு இதுதான். மோட்டார் போடுவதற்கு முன்னால் அந்த விவசாயி சுவரோரம் வந்து நின்று, "வாத்தியாரே, மோட்டார் போடப் போறேனுங்க!" என்று குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து இவர், "எல்லாரும் சேவ் பண்ணுங்க!" என்று கத்துவார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அங்கே சுவிட்சில் கை வைப்பார். இவர் ஓய்வு பெறும் வரை இதுதான் நடந்தது.

வேலையிலிருந்து ஓய்ந்தார், வாய் ஓயவில்லை. பஸ்ஸைப் பற்றி, மழையைப் பற்றி, எதிர் வீட்டு நாயைப் பற்றி, எல்லாவற்றுக்கும் விளக்கம். பூட்டைப் பூட்டினால்கூட "சேவ் பண்ணியாச்சா?" என்பார். எழுபத்தாறாவது வயதில் ஒரு காலை. நான் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். கை கொஞ்சம் நின்றாலும் கட்டி தட்டிவிடும். இவர் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு புது போனில் என்னென்ன இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

"ஏங்க, கொஞ்ச நேரம் அந்த வாய மூடிட்டுத்தான் இருங்களேன்!" என்று துடுப்போடு திரும்பிவிட்டேன்.

பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். களியை எடுத்துக்கொண்டு போனபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பக்கவாதம் என்றார்கள். கையும் காலும் சீக்கிரமே தேறிவிட்டன. பேச்சு மட்டும் வரவில்லை.

"வரலாம், வராமயும் போகலாம். நீங்க பேச்சுக் குடுத்துட்டே இருங்கம்மா" என்றார் டாக்டர்.

நானும் பேசினேன். ஆயுசில் பேசாததையெல்லாம் பேசினேன். மன்னிப்புக்கூடக் கேட்டேன், அதுவும் நான்! அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பாவி, எந்த வாயால் அப்படிச் சொன்னேனோ என்று அடுப்படியில் போய் அழுவேன்.

நாற்பத்தொன்றாம் நாள் அந்த விவசாயி தேங்காய்ப் பையோடு பார்க்க வந்தார். இவரைப் பார்த்ததும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அழுவறதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? எந்திரிங்கண்ணா. வெளிய போயி நின்னு அந்தக் காலத்துல கூப்புட்ட மாதிரி கூப்புடுங்க."

"இந்த வூட்டுல ஏதுங்கம்மா மோட்டாரு?"

"கூப்புடுங்கன்னா!"

போனார். வெட்கத்தில் முனகினார். இவர் அசையவில்லை. "சாப்புடலீங்களா? சத்தமா!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். இரண்டாம் தடவை அடித்தொண்டையிலிருந்து வந்தது.

"வாத்தியாரே, மோட்டார் போடப் போறேனுங்க!"

எதிர் வீட்டு நாய் குரைத்தது. இவர் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். உதடு கோணியது, நடுங்கியது.

"எ... எல்லாரும்... சேவ் பண்ணுங்க."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. வெளியே நின்றவருக்கு ஒன்றும் புரியாமல், பழைய பழக்கத்தில், "அப்ப போடட்டுங்களா?" என்று கேட்டார்.

"போடுங்க" என்றார் இவர்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். முதலில் சொல் சொல்லாக வந்தது, இரண்டு மாதத்தில் பழைய வெள்ளம். நான் களி கிண்டும்போதெல்லாம் அடுப்படி வாசலில் வந்து நின்று பேசுவார். நானும் கையை நிறுத்திவிட்டுக் கேட்பேன். களி கட்டி தட்டிவிடும். ஆறு வருஷமும் கட்டிக் களிதான் தின்றோம்.