அலசல் முடியாமல் திறக்காத கதவு

பிசிக்ஸ் டீச்சரின் கணவர் அழுக்குத் துணிக் கூடையோடு குளியலறைக்குப் போனார். வாஷிங் மெஷின் இருந்த இடத்தில் வெறும் தரைதான் இருந்தது. அவர் பதறவில்லை. ஃபேனும் இஸ்திரிப்பெட்டியும் ஏற்கெனவே அதே வழியில் போனவைதான்.

"மெஷின் எங்கம்மா?"

"பத்தாம் வகுப்புல இருக்குங்க."

"பாஸாகித் திரும்பி வருமா?"

டீச்சர் வேலைபார்த்த பெண்கள் பள்ளியில் ஆய்வுக்கூடச் சாமான்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் தொட்டால் உடைந்துவிடுமாம். தொடாமல் என்ன விஞ்ஞானம் என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையைக் கெஞ்சி வாங்கினார். பிரித்து மேய வீட்டுச் சாமான்களையே சுமந்து வந்தார். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் அங்கே ஸ்க்ரூடிரைவருக்கு அடித்துக்கொண்டார்கள்.

தலைமையாசிரியைக்கு இது கண்ணில் விழுந்த தூசி. பெண்பிள்ளைகள் கையில் கிரீஸ் என்ன வேண்டிக்கிடக்கிறது என்பார். இன்னொரு தடவை ஏடாகூடமானால் அறைச் சாவியை வாங்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். டீச்சருக்கோ அந்த அறைதான் உயிர்.

தலைமையாசிரியையின் மனத்தைக் கரைக்கப் பிள்ளைகள் அவர் அறைக் கதவையே தானாகத் திறந்து மூடும்படி செய்தார்கள். வாஷிங் மெஷினின் மோட்டார், பூட்டு, மூளை மூன்றையும் அப்படியே பொருத்தினார்கள். வினையே அங்கேதான் வந்தது. பள்ளியைப் பார்வையிட அதிகாரி வந்து அந்த அறையில் உட்கார்ந்ததும் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே துணி துவைபடுவதாக நினைத்துவிட்டது போல, அசையவில்லை.

எப்போது திறக்கும் என்று உள்ளிருந்து தலைமையாசிரியை கேட்டார். ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி கதவில் மாட்டியிருந்த மெஷின் விளக்கைப் பார்த்துவிட்டு டீச்சரை முந்திக்கொண்டாள்.

"இப்பதான் அலசல் போகுது மேடம். அப்புறம் பிழியணும்."

உள்ளே அதிகாரி இருமினார்.

மெயினை நிறுத்தியும் பூட்டு பிடியை விடவில்லை. அதைக் கழற்றும் ஸ்க்ரூவோ உள்பக்கம். டீச்சருக்கு வழி தெரியும். ஆனாலும் பிள்ளைகள் பூட்டியதைப் பிள்ளைகளே திறக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். ரெட்டைச் சடைக்காரி கதவுக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரைத் தள்ளினாள். உள்ளே இருந்த தலைமையாசிரியையை இடப்பக்கம் திருப்பச் சொன்னாள். அது வலப்பக்கம் மேடம் என்று திருத்தினாள். அதிகாரி டார்ச் பிடித்தாராம்.

கதவு திறந்தது. தலைமையாசிரியை முழங்கைவரை கிரீஸோடு வந்து கையை நீட்டினார். டீச்சர் மாடிப்படி அறையின் சாவியைக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் அழுதார். கணவர் மெஷினைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் அந்த அறையில் பூட்டு தொங்குவதைப் பார்க்கத்தான் போனார். அறை திறந்திருந்தது. தலைமையாசிரியை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் வீட்டு மிக்ஸி அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. ஸ்க்ரூவைப் பல்லில் கடிக்கக் கூடாது என்று ரெட்டைச் சடைக்காரி அவரை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வந்து உட்காருங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியை, தலை நிமிராமல். "வீட்ல அவர் தேடறதுக்குள்ள மாட்டியாகணும்."