உத்திரமேரூரில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு முகடும்

உத்திரமேரூருக்கு எல்லோரும் கல்வெட்டு பார்க்கப் போவார்கள். போன சனிக்கிழமை நான் போனது இரண்டு கம்ப்யூட்டர்களுக்காக. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் காஞ்சிபுரத்தில் தங்கி இயற்பியலில் ஆய்வு செய்கிறேன். மிக மெல்லிய காந்தத் தகடு ஒன்றில், மிகச் சின்ன புள்ளி வழியாக மின்சாரத்தைச் செலுத்தினால் அந்த இடத்துக் காந்தம் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் சுற்றிலும் வளையம் வளையமாகப் பரவும். இதுதான் ஸ்பின் அலை. நிஜத் தகடு செய்ய நம்மிடம் வசதி ஏது? கம்ப்யூட்டரில் ஒரு சதுரப் பெட்டி போட்டு, அதைப் பொடிப்பொடிக் கட்டங்களாக்கி, கணக்காலேயே அலையை ஓடவிடுகிறோம்.

அப்படி ஓடவிட்டதில், அலையின் அதிர்வெண் வரைபடத்தில் வர வேண்டிய முகட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு முகடும் வந்துவிட்டது. இதுவரை யாரும் சொல்லாத முகடு! அது நிஜம் என்றால் என் முதல் கட்டுரை அதுதான். திங்கட்கிழமைக்குள் மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்ப வேண்டும். என் நெறியாளர் ஒன்றே ஒன்று கேட்டார். "பெட்டி அளவ மாத்திப் பாத்தியாம்மா?"

நிஜ முகடு என்றால் பெட்டி பெரிதானாலும் அதே இடத்தில் நிற்கும். நகர்ந்தால் பொய். ஆய்வகத்தில் இருப்பதோ ஒரே கம்ப்யூட்டர், அதற்கு நான்கு பேர் சண்டை. என்னோடு எம்.எஸ்ஸி. படித்த ஷமீம், உத்திரமேரூர் கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறாள். அவளைப் பிடித்தேன்.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் காலை ஆறரைக்கு வண்டி ஏறினேன். முப்பது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் கை காட்டியவருக்கெல்லாம் நின்று நின்று, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆக்கிவிட்டார்கள். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள், வழியெல்லாம் வயலும் ஏரியும்தான்.

"நாஷ்டா துன்னியாடி, இல்ல காந்தத்தையே துன்னுட்டு வந்துட்டியா?" என்றுதான் ஷமீம் வரவேற்றாள். ஒரு கம்ப்யூட்டரில் பழைய பெட்டியை அப்படியே மறுபடி ஓட்டினேன். மூலையில் இருந்ததில் இரண்டு மடங்கு பெரிய பெட்டி. முடிவு சொல்லப்போவது அந்த மூலைக் கம்ப்யூட்டர்தான். ஏழெட்டு மணி நேரம் ஓடும். "ரெண்டு சீட்டு போச்சு எனக்கு," என்று சலித்துக்கொண்டே இட்லிப் பொட்டலத்தை நீட்டினாள்.

கல்வெட்டு மண்டபம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். எழுத்துகள் முன்னால் நின்றேனே தவிர, மனசு மூலைக் கம்ப்யூட்டரை விட்டு வரவில்லை. அங்கிருந்து ஏரிக்குப் போனேன். காற்று தள்ளிய அலைகள் கல் பாவிய கரையில் மோதித் திரும்பி, வருகிற அலைகளோடு கலந்து கட்டம் கட்டமாக ஆடின. கோரை அடர்ந்த ஓரத்தில் மட்டும் சத்தமே இல்லாமல் அடங்கின. அழகுதான், ஆனால் பார்க்கப் பார்க்க என் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. என் பெட்டிக்கு நான்கு பக்கமும் கல் கரைதானே?

நான்கு மணிக்குத் திரும்பினால், மூலைக் கம்ப்யூட்டரின் திரை இருட்டு. எதிரே, மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காகச் சாலவாக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர் காத்திருந்தார்.

"யார் இத ஆஃப் பண்ணது?" என்று கத்திவிட்டேன்.

"நான்தாம்மா," என்றார் அவர். "கலர் கலரா வட்டம் ஓடிக்கினு இருந்துச்சி. யாரும் பாக்கல. கரண்டு தண்டமா போவுதேன்னு நிறுத்தினேன். இன்னாமா, பேஜார் பண்ணிட்டனா?"

கரண்டில் ஓடும் அலையைக் கரண்டை மிச்சம் பிடிக்க நிறுத்திவிட்டார் மனிதர்! அழுகை வர வேண்டிய நேரம். ஆனால் எனக்கு வந்தது நிம்மதி. சோதனை பாழாகிவிட்டது, மறுபடி ஓட்ட நேரமில்லை, முகட்டை அப்படியே அனுப்பிவிடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. இப்படி மளமளவென்று ஓடியது புத்தி. அதைக் கவனித்ததும் உடம்பெல்லாம் கூசியது.

அதற்குள் ஷமீம் மேஜைக்கு அடியில் குனிந்தாள். "கத்தாதடி, மானிட்டரதான் ஆஃப் பண்ணிக்கீறாரு. உள்ள ஃபேன் ஓடிக்கினுதான் கீது."

திரையின் பொத்தானை நானே அழுத்தினேன். கணக்கு முடிந்திருந்தது. வரைபடம் போட்டேன். முகடு நகர்ந்திருந்தது. விளிம்பில் மோதித் திரும்பிய அலை செய்த வேலை. இத்தனை நாள் நான் கொண்டாடியது, நானே போட்ட பெட்டியின் அகலத்தை.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து நெறியாளரைக் கூப்பிட்டேன். "சார், முகடு பொய். ஓரத்துல அலைய அடக்குற மாதிரி கணக்க மாத்தி மறுபடி ஓட்டறேன்." "சரிம்மா, சுருக்கம் வேணாம். பத்திரமா ஊர் வந்து சேரு," என்றார். வலித்தது. பேருந்தில் ஒரு மூச்சு அழவும் அழுதேன்.

நீங்கள் போவதாக இருந்தால்: கோயில்களை வெயிலுக்கு முன் பார்த்துவிடுங்கள், நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஏரிக்கு மாலையில் போங்கள், காற்று இருக்கும். பிரவுசிங் சென்டரில் ஏதாவது ஓடவிட்டால், தொடாதீர்கள் என்று ஒரு தாள் ஒட்டுங்கள். அப்படியும் திரை இருட்டாகி, அதைப் பார்த்து உங்களுக்கு நிம்மதி வந்தால், யோசிக்காமல் உடனே ஆன் செய்துவிடுங்கள்.